சுண்ணாம்பா, உயிர்க்கரியா?

2013-இல் சீனாவின் குவாங்சௌ நகரில் விற்ற அரிசியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் அளவுக்கு மேல் இருப்பது தெரியவந்தது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்தான் அந்நாட்டு வரம்பு. பேச்சு உடனே ஹுனான் மாநிலத்தின் வயல்களை நோக்கித் திரும்பியது. அங்குள்ளது போன்ற அமில மண்ணில் காட்மியத்துக்கு முதல் மருந்து சுண்ணாம்பு. மலிவு, எக்டேருக்குச் சில டன் போதும். அமிலத்தன்மை குறைந்ததும் காட்மியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வேருக்கு எட்டாது. ஆனால் யூரியாவும் மழையும் மண்ணைத் திரும்பப் புளிக்கவைக்கும். சில ஆண்டுகளில் மறுபடியும் மூட்டை சுமக்க வேண்டியதுதான்.

உயிர்க்கரி அப்படியல்ல. உமியையோ மரத்தையோ காற்றுப்படாமல் சுட்டெடுத்த கரி இது. கையில் நொறுக்கினால் கறுப்புத் தூள் விரல் ரேகைக்குள் ஏறிவிடும். அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் பரப்பில் உள்ள வேதித் தொகுதிகளும்தான் உலோகத்தைப் பிடிக்கின்றன. சாம்பல் இருப்பதால் அமிலத்தையும் ஓரளவு தணிக்கும். பல பத்தாண்டுகள் மண்ணில் மக்காமல் கிடக்கும். சோதனை வயல்களில் எக்டேருக்கு 10 டன்னுக்கு மேல் இடுவது சாதாரணம். செலவு அங்கேதான் கடிக்கிறது. நனைக்காமல் தூவினால் ஒரு பகுதி காற்றோடு போகும்.

ராணிப்பேட்டை போன்ற குரோமியக் கழிவு நிலத்தில் நான் சுண்ணாம்பைத் தொடமாட்டேன். நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் கார மண்ணில்தான் எளிதாக நகரும். கரியோ அதை நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவுக்கு மாற்ற உதவும். ஆர்செனிக் இருந்தால் இரண்டையும் யோசித்தே இட வேண்டும். காரம் ஏறினால் அது கரைந்து வெளியே வரும்.

இரண்டுமே உலோகத்தை மண்ணிலிருந்து எடுப்பதில்லை, கட்டி வைக்கின்றன, அவ்வளவுதான்.