ஆஃப்லைனில் இறக்கி வைத்த பாட்டு உங்கள் பாட்டு அல்ல

பாட்டுக் கேட்கும் ஆப்களுக்கு வருடச் சந்தா கட்டப்போகிறவர்கள், அதிலும் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காகக் கட்டப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்களை ஏமாற்றிய ஆப்பின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே வேலையைச் செய்யும் இன்னொன்றில் பணம் கட்டுவீர்கள் என்பதுதான் காரணம்.

அம்மா இருப்பது தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மலையடிவாரம், வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு டிவி பார்ப்பதை விட்டுவிட்டார், நாள் முழுக்கப் பாட்டுதான். "இன்டர்நெட் இல்லாமலும் கேட்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் டவுன்லோடு செய்யலாம்" என்று அந்த ஆப் விளம்பரம் செய்ததால்தான் சந்தா கட்டினேன். தென்காசியில் தங்கை வீட்டு வைஃபையில் உட்கார்ந்து, அம்மா ஞாபகம் வந்து சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தேடி இறக்கினோம். கே.வி.மகாதேவன், விஸ்வநாதன்-ராமமூர்த்தி, சூலமங்கலம் சகோதரிகள், நாகூர் ஹனிபா என்று பெரிய பட்டியல். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே பச்சை டிக் விழுந்தது. போனிலும் அந்த அளவுக்கு இடம் குறைந்தது. இனி பாட்டு போனில் இருக்கிறது, யாரும் எடுக்க முடியாது என்றுதான் யாருமே நினைப்பார்கள்.

முதல் பிரச்சினை மழைக்காலத்தில் வந்தது. சில வாரம் நெட் பக்கமே போகாததால் ஆப் பாடாமல் நின்றுவிட்டது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி. போன் கெட்டுப்போய்விட்டது என்று அம்மா அதை அணைத்து பீரோவில் வைத்துவிட்டார். ஆப் அவ்வப்போது நெட்டில் வந்து, சந்தா உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம். இது இந்த ஒரு ஆப்பின் வழக்கம் மட்டுமல்ல. ஸ்பாட்டிஃபைகூட 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆன்லைனில் வர வேண்டும் என்று தன் விதிகளில் சொல்கிறது. ஆனால் நாங்கள் பணம் கட்டிய ஆப்பின் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து, பட்டியலில் பாட்டுகள் சாம்பல் நிறமாக மாற ஆரம்பித்தன. தொட்டால் பாடாது. சில பாட்டுகள் நிறம் மாறவில்லை, ஆனால் உள்ளே இருந்தது வேறு. ஒரு நாள் அம்மா போன் செய்து, "எய்யா, இது சுசீலாம்மா குரலு இல்லய்யா. வேற யாரோ பாடி வச்சிருக்காவ" என்றார். ஊருக்குப் போனபோது நானும் கேட்டேன். அதே பாட்டு, அதே படத்தின் போஸ்டர், பாடியவர் பெயரும் பி.சுசீலா என்றே இருக்கிறது. ஆனால் பாடுவது யாரோ ஒரு புதுப் பெண், பின்னால் கீபோர்டு தாளம். அசலை எடுத்துவிட்டு, பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவு செய்ததை அந்த இடத்தில் சொருகிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். பாட்டு இல்லை என்றால் இல்லை என்று சொல்லலாம். எழுபது வயதைத் தாண்டியவரிடம் வேறு ஒருவர் குரலைக் கொடுத்து, நீங்கள் கேட்டது இதுதான் என்று பெயர் எழுதி வைப்பது பச்சை மோசடி.

கஸ்டமர் கேரில் முதலில் பதில் சொன்னது இயந்திரம். விடாமல் எழுதிய பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. இசை நிறுவனத்துடன் உரிமை ஒப்பந்தம் முடிந்துவிட்டது, எந்தப் பாட்டையும் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்ற விதிக்கு நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் என்று சாரம். மாற்றிப் பாடிய பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதன் பிறகு அம்மாவின் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, இறக்கிய பாட்டெல்லாம் எங்கேதான் இருக்கிறது என்று பார்த்தேன். ஆப்பின் ஃபோல்டருக்குள் நீள நீளமான எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள். எம்பி3 என்றோ வேறு எதுவோ என்றோ வால் கிடையாது. எதையும் பாடிவிடும் விஎல்சி பிளேயரிலும் திறக்கவில்லை. பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. பெட்டி நம் வீட்டில், சாவி அவர்கள் கையில். பச்சை டிக்கின் அர்த்தம் அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்களிடமும் இதுதான் நடக்கிறது. 2019-இல் சரிகம என்ற இசை நிறுவனத்துக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் டெல்லி உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போனது, சரிகம பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில் இல்லாமல் போயின. பழைய எச்எம்வி இசைத்தட்டுகளின் உரிமை சரிகமவிடம் இருப்பதால், நம் அப்பா அம்மா காலத்துப் பாட்டில் பெரும்பகுதி அதோடு போயிற்று. 2020-இல் சமாதானமான பிறகுதான் திரும்பி வந்தன. 2023-இல் ஜீ மியூசிக் பாட்டுகளுக்கும் அங்கே இதே கதி. சில நேரம் கடையே மூடிவிடும். ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே வருடம் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் நின்றது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்திருக்கிறது. ஃப்ளிப்கார்ட் 2012-இல் ஃப்ளைட் என்ற பெயரில் பாட்டுக்கடை திறந்து, பூட்டு எதுவும் போடாத எம்பி3 கோப்புகளை விற்றது. வியாபாரம் ஓடாமல் அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். ஆனால் அன்று வாங்கி இறக்கி வைத்தவர்களிடம் அந்தப் பாட்டுகள் இன்றும் பாடுகின்றன. என் நண்பன் ஒருவனின் காரில் இப்போதும் ஓடுவது அவைதான்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். சந்தா வேண்டாம் என்று ஆப்பில் தேடினால், பெரிதாகக் கண்ணில் படுவது "இடைநிறுத்து" என்ற பொத்தான். ரத்து செய்யும் வரி அதற்குக் கீழே, மங்கலான எழுத்தில். ரத்து செய்தும் அடுத்த வருடத்துக்கான பணத்தை யுபிஐ ஆட்டோபேயில் எடுத்துக்கொண்டார்கள். எனவே ஆப்பில் ரத்து செய்வதோடு நிற்காதீர்கள். உங்கள் யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதி இருக்கும், அங்கே போய் அந்த மேண்டேட்டையே, அதாவது தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியையே, நீக்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது அறிவிப்பு வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்த உடனே நீக்கினாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

பணத்தை எடுத்த பிறகு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்க வைப்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. அதைக் குறிப்பிட்டு, ரத்து செய்த திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்தேன். பணம் திரும்பி வந்தது. குரல் மாறிய பாட்டுகளைப் பற்றி இன்றுவரை பதில் இல்லை.

இப்போது நாங்கள் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த சிடிகள் பரணில் இருந்தன. கம்ப்யூட்டரில் யுஎஸ்பி டிவிடி டிரைவை மாட்டி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றாக எடுத்தோம். கீறல் விழுந்த இடத்தை அது திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், பொறுமை வேண்டும். சேமிப்புக்கு ஃப்ளாக் வடிவம் நல்லது. ஒலியில் எதையும் இழக்காமல் சிடியில் இருப்பதில் ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கிவிடும். அதிலிருந்து 320 கேபிபிஎஸ் (ஒலித்தரத்தின் அளவு, எண் கூடினால் தரம் கூடும்) எம்பி3 ஒரு பிரதி எடுத்து அம்மாவின் மெமரி கார்டில் போட்டேன். நான்கு நிமிடப் பாட்டு 10 எம்பிக்குள் முடியும். 64 ஜிபி கார்டில் ஆயிரக்கணக்கில் போடலாம். சில பழைய ஸ்பீக்கர்களும் கார் பிளேயர்களும் ஃப்ளாக் பாடாது, தமிழில் எழுதிய கோப்புப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் அந்தப் பிரதிக்குப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தேன். கேசட் இருந்தால் டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்து ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதியலாம். தாமதிக்காதீர்கள், நாடா வருடா வருடம் கெட்டுக்கொண்டே போகிறது.

ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். மெமரி கார்டு சொல்லாமல் சாகும். எங்களுடையது ஒரு ஹார்டு டிஸ்கிலும் தங்கை வீட்டு ஹார்டு டிஸ்கிலும் இருக்கிறது.

கடைத்தெருவில் "பத்தாயிரம் பாட்டு" என்று விற்கும் பென் டிரைவை வாங்காதீர்கள். திருட்டுப் பதிவு என்பது ஒருபுறம். 320 கேபிபிஎஸ் என்று எழுதியிருக்கும், உள்ளே பெரும்பாலும் 128-ஐ ஊதிப் பெரிதாக்கியது. ஒலியைப் படமாக வரைந்து காட்டும் ஸ்பெக் என்ற சிறு மென்பொருளில் போட்டுப் பார்த்தால், கத்தி வைத்து வெட்டியதுபோல் 16 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேல் ஒலியே இருக்காது.

புதுப் பாட்டு தேட நானும் இன்னொரு ஆப்பை இலவசமாக, விளம்பரத்தோடு பயன்படுத்துகிறேன். அதற்கு அது நன்றாகவே உதவும். வருடப் பணம் கட்டுவதாக இருந்தால், கட்டும் முன் விதிமுறைப் பக்கத்தில் டவுன்லோடு பற்றிய பத்தியையும் பாட்டை நீக்கும் உரிமை பற்றிய பத்தியையும் படித்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களின் பாட்டுப் பட்டியல் ஆப்புக்குள் மட்டும் இருந்தால் இன்றைக்கே ஒரு நோட்டில் படத்தின் பெயரோடு எழுதி வையுங்கள். சில ஆப்களில் நீக்கிய பாட்டின் பெயர்கூடப் பட்டியலில் மிஞ்சுவதில்லை.