எஸ்.எஸ். தகட்டைக் கடல் தண்ணீரில் சோதிக்க: மூன்று மின்முனையா, இருமுனையா?

பாம்பன், மண்டபம் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள், துருப்பிடிக்காது என்று வாங்கிய எஸ்.எஸ். போல்ட்டிலும் புள்ளிபுள்ளியாகக் குழி விழும். எந்த ரகம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு இரண்டு வழி இருந்தது. நாங்கள் எடுத்தது இருமுனை (பைபோலார்) மின்வேதியியலை, அதாவது ஒரே தகட்டின் இரு முனைகளும் இரு மின்முனைகளாக வேலை செய்யும் வழியை.

மூன்று மின்முனை முறை எல்லோரும் படித்ததுதான். தகட்டில் கம்பி இணைத்து, பக்கத்தில் ஒப்பீட்டு மின்முனையை (மின்னழுத்தத்தை அளக்க நிலையான அடிக்கோடாக இருப்பது) வைத்து, மின்னோட்டத்துக்கு மூன்றாவது மின்முனை ஒன்றையும் போட்டு, மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால், குழி எங்கே தொடங்குகிறது என்பது எண்ணாகவே கிடைக்கும். அந்தத் துல்லியம் இருமுனையில் வராது.

இருமுனையில் தகட்டுக்குக் கம்பியே கிடையாது. தொட்டியின் இரு கோடியிலும் கிராஃபைட் குச்சி, நடுவே தகடு சும்மா கிடக்கும். குச்சிகளுக்கு மின்சாரம் கொடுத்து, கரைசலில் செ.மீ.க்கு அரை வோல்ட் மின்னழுத்தச் சரிவு வரவைத்தால், 3 செ.மீ. தகட்டின் இரு முனைகளுக்கு நேரே உள்ள கரைசலில் ஒன்றரை வோல்ட் வித்தியாசம். நேர்மின் குச்சியைப் பார்த்த முனையில் ஹைட்ரஜன் குமிழ் வரும், தகட்டின் மறுமுனை அரிக்கும். கழுவி லென்ஸ் வைத்துப் பார்த்தால், அரித்த முனையில் அடர்ந்திருக்கும் குழிகள் நடுவை நோக்கி வரவர அருகி, ஓரிடத்தில் நின்றுவிடும். 304 ரக எஸ்.எஸ். தகட்டையும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகத்தையும் அருகருகே போட்டால் எது தேறும் என்பது கண்ணுக்கே தெரியும்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். ஒப்பீட்டு மின்முனையின் நுனியில் நுண்துளைகள் உள்ள தக்கை ஒன்று உண்டு. லீவு நாளில் காயவிட்டால் உள்ளிருக்கும் பொட்டாசியம் குளோரைடு படிந்து அதை அடைத்துக்கொள்ளும். அப்புறம் அளவு நகர்ந்துவிடும், வரைபடமோ அழகாகவே வரும். இன்னொரு நல்ல மின்முனையோடு அடிக்கடி ஒத்துப்பார்த்தால்தான் தப்பு பிடிபடும். மாணவர்கள் வருடா வருடம் மாறும் இடத்தில் இதை யார் கவனிப்பது? போதாக்குறைக்குக் கம்பி இணைப்பைப் பசை போட்டு மூட வேண்டும். அதன் ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் அரிப்பு அங்கேதான் முதலில் தொடங்கும், தகட்டின் குணம் அதில் மறைந்துபோகும். இருமுனையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நேர்மின் குச்சியில் குளோரின் வரும், ஜன்னலைத் திறந்துவைத்துத் தண்ணீரை மாற்றினால் சரி.

துல்லியமான எண் வேண்டுமென்றால், மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வு நிறுவனம் உள்ள காரைக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது.

இறால் பண்ணைத் தண்ணீரைச் சோதிக்கும் உணரி (சென்சார்) வேலைக்கும் இருமுனையையே சொல்வேனா என்றால், தயக்கம்தான். டெக்சாஸில் வேதியியலாளர் ரிச்சர்ட் க்ரூக்ஸின் குழு 2009-இல் கம்பி இணைக்காத ஆயிரம் நுண்மின்முனைகளை இரண்டே மின்முனைகளைக் கொண்டு இயக்கி, ஒளிரவைத்துக் காட்டியது. நம் கடல் தண்ணீரில் அதை அப்படியே செய்ய முடியாது. ஒரு மி.மீ. மின்முனைக்கு 2 வோல்ட் கிடைக்க செ.மீ.க்கு 20 வோல்ட் சரிவு வேண்டும். இவ்வளவு உப்பில் மின்னோட்டம் சதுர செ.மீ.க்கு ஒரு ஆம்பியரைத் தொடும், தண்ணீர் விநாடிக்கு 5 டிகிரி போலச் சூடேறும். மாதிரியைத் தனி அறையில் வைத்து, இரண்டு அறைகளையும் ஒரே கடத்தியால் மட்டும் இணைக்கும் ‘மூடிய’ இருமுனை வகையில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் எங்களுக்குக் கைப்பழக்கம் குறைவு, ஆகவே இறால் பண்ணைத் தண்ணீருக்கு அதை இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.