மாடல் ரயில் லேஅவுட் செய்யக் கொடுக்கிறீர்களா? பாக்கிப் பணம் கொடுக்குமுன் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்

மேசை மேல் மலை, பாலம், ஸ்டேஷனோடு குட்டி ரயில் ஓடும் மாடல் ரயில் லேஅவுட் ஒன்றைச் செய்யக் கொடுத்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் போனது. இரண்டரை லட்சம் அட்வான்ஸ், மீதி 90,000 டெலிவரி அன்று. செய்து தர ஒப்புக்கொண்டவர் ஆறு மாதம் என்று சொன்ன வேலையைப் பதினான்கு மாதம் இழுத்து, ஓடாத ரயிலை என் வீட்டு மாடியில் இறக்கிவிட்டுப் போனார். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் முழுசாக எழுதுகிறேன்.

அப்பா மேட்டுப்பாளையம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். ரயில் பைத்தியம் எனக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது. வேலையில் இருந்தபோது ஒருமுறை ஜெர்மனியில் ஹாம்பர்க் போக வாய்த்தது. அங்கே இரட்டைச் சகோதரர்கள் 2001-ல் திறந்த மினியேச்சர் வண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் கண்காட்சியில் ஒரு பகல் முழுக்க நின்றேன். எல்லாம் எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இன்று அங்கே தண்டவாளத்தின் மொத்த நீளம் 16 கிலோமீட்டரைத் தாண்டும். ஓய்வு பெற்றதும் அதே எச்ஓவில் 12 அடிக்கு 6 அடி மேசை ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நான் வேலை கொடுத்த ஆள் அனுப்பிய படங்கள் கண்ணைப் பறித்தன. தேயிலைச் சரிவு, வளைவுப் பாலம், ஓட்டுக் கூரை ஸ்டேஷன். ஓடும் ரயிலின் வீடியோ ஒன்றும் வந்தது. அது வேறொருவருடைய லேஅவுட் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வேலை நடக்கும்போது வாராவாரம் படம் கேட்டேன். வந்ததெல்லாம் மலையும் மரமும்தான். ஒரு வயர்கூடக் கண்ணில் படவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முறையாகச் செய்பவர் முதலில் பலகை, அப்புறம் ட்ராக், அப்புறம் வயரிங், பிறகு பல நாள் வெறும் மேசையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலையில் கை வைப்பார்.

டெலிவரி அன்று ஒரு லோகோ, இரண்டு பெட்டிகளோடு ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். வீட்டில் எல்லோரும் கைதட்டினோம். பாக்கியைக் கொடுத்துவிட்டேன்.

பத்தே நாளில் ரயில் திக்கித் திக்கி நின்றது. துணியில் ஸ்பிரிட் நனைத்துத் தண்டவாளத்தைத் துடைத்தால் கறுப்பாக வந்தது; ஒரு நாள் ஓடும், மறுபடி நிற்கும். ஓரத்தில் ஒரு துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன். பூஜை விளக்கைத் தேய்த்தது போல மஞ்சள் பளிச்சென்றது. பித்தளை! நான் பணம் கொடுத்தது நிக்கல் சில்வர் ட்ராக்குக்கு. பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. அதற்குக் களிம்பேறினாலும் மின்சாரம் ஓரளவு போகும். பித்தளையில் ஏறும் களிம்பு மின்சாரத்தைத் தடுத்துவிடும், அதுவும் மழைக்காலத்தில் சீக்கிரம். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு நிற பெயிண்ட் அடித்திருந்தது நிஜம் போலத் தெரியட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மஞ்சளை மறைக்கவும் அதுவே உதவியிருக்கிறது.

மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. மொத்த ட்ராக்குக்கும் ஒரே இடத்தில் மின் இணைப்பு, அதுவும் மெல்லிய டெலிபோன் வயர். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. வயரை அடியில் சுற்றிலும் ஓட்டி, அதிகபட்சம் இரண்டு மீட்டருக்கு ஒரு இணைப்பாவது கொடுத்திருக்க வேண்டும். என்னுடையது டிசிசி லேஅவுட், அதாவது தண்டவாளம் வழியாகவே மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளையும் லோகோவுக்குப் போகும் முறை. அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கன்ட்ரோலரை ஆன் செய்து, அதற்கு மிகத் தள்ளி இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசை இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி வையுங்கள். உடனே ஷார்ட் என்று மின்சாரம் நிற்க வேண்டும். என் மேசையில் நிற்கவில்லை. காசை எடுக்கப் போன விரல் சுட்டது. வண்டி தடம்புரண்டு அப்படியே கிடந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

ஒரு லைனுக்கு மேல் இன்னொரு லைன் போக 7.5 செ.மீ. உயர வேண்டும். அதை 120 செ.மீ. நீளத்துக்குள் ஏற்றியிருந்தார், அதாவது நூற்றுக்கு ஆறுக்கும் மேல். மூன்றுக்குள் இருந்தால்தான் நான்கு பெட்டி இழுக்கும். ஃபோனில் கேட்டதற்கு, “ஊட்டி ரயிலே ஏறுதே சார்” என்றார். “தம்பி, அது பல்சக்கரத்தில் ஏறுது. எங்கப்பா ரிப்பேர் பார்த்த இன்ஜின் அது” என்றேன். லைன் கட்டானது. அதற்குப் பிறகு அவர் ஃபோன் எடுக்கவே இல்லை.

ஆறடி அகல மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டு, பின்பக்கச் சுரங்கத்துக்குள் கை நுழைய வழியே வைக்கவில்லை. ஹாம்பர்க்கில் மலைக்கு நடுவிலிருந்து ஊழியர் தலை தூக்கி, விழுந்த வண்டியை எடுத்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நான் இங்கே பாதி மலையை அறுத்தெடுத்தேன். டிசிசி கட்டளையைப் புரிந்து மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்டுக்கு டிகோடர் என்று பெயர். டிகோடர் வைத்தது என்று விற்ற லோகோவைத் திறந்தால் டிகோடரே இல்லை; டிசிசி மின்சாரம் நேராக மோட்டாருக்கே போயிருக்கிறது. நின்ற இடத்திலேயே அது முனகிக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

என்னைப் போல ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல். நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் செய்தால் வழி சொல்கிறார்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அரம் போட்ட பித்தளைத் துண்டின் படம் எல்லாம் நான் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நானே நிக்கல் சில்வர் ட்ராக் வாங்கி, மலையில்லாத வெறும் பலகையில் ஒரு சுற்று போட்டிருக்கிறேன். நான்கு பெட்டியோடு ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. உங்களில் யாராவது லேஅவுட்டுக்குக் கொட்டேஷன் வாங்கியிருந்தால், அட்வான்ஸ் கொடுக்குமுன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். தண்டவாளம் எந்த உலோகம், வயர் என்ன அளவு, ஏற்றம் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறதா என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.