பசுமைக்குடில் போடப் போகிறீர்களா? மேலே போர்த்தும் பாலித்தீன் ஷீட்டை எடைபோட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பசுமைக்குடிலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். எங்களுக்குக் குடில் போட்டுத் தந்த நிறுவனம் இப்போது தென்காசி, கோவில்பட்டி பக்கமும் விலைப்புள்ளி கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

டெண்டரில் கேட்டது 200 மைக்ரான் (0.2 மி.மீ.) தடிமனில், புற ஊதாக் கதிரைத் தாங்கும் ஷீட், 3 வருட உத்தரவாதம். பொங்கல் விடுமுறையில் வளாகத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்து ஷீட்டை ஏற்றிவிட்டார்கள். ரோலின் உறை, லேபிள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கேட்டதற்கு ஏதோ ஒரு ஆய்வகச் சான்றிதழின் நகலை நீட்டினார்கள்.

நம்ம ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் புறப்பட்டால் ஆவணி வரை விடாது, கயத்தாறு, பணகுடி, முப்பந்தல் என்று காற்றாலைகளை நட்டதே இந்தக் காற்றை நம்பித்தான். அது தொடங்கிய உடனேயே மேற்குப் பக்கத்து ஷீட் நார்நாராகக் கிழிந்தது. உள்ளே ஒரு ஆராய்ச்சி மாணவியின் தக்காளிச் செடிகள், பூ பூவாக மகரந்தப்பையை நீக்கி, ஒட்டுச்சேர்க்கை செய்து, உறை மாட்டி, சீட்டுக் கட்டி வைத்தவை. கிழிசல் வழியாக வெள்ளை ஈ புகுந்தது, பின்னாலேயே அது பரப்பும் இலைச்சுருள் வைரஸ். அந்தப் பருவத்து விதை மொத்தமும் போயிற்று. நிறுவனம் ஷீட்டுக்கு வேண்டுமானால் பணம் தரலாம், அந்தப் பிள்ளையின் உழைப்பை யார் தருவது?

போன் செய்தால், “அண்ணாச்சி, ஆடிக்காத்துக்கு நாங்க என்ன செய்ய முடியும்?” என்கிறார்கள். அப்புறம், “நீங்க கந்தகம் அடிச்சிருப்பீங்க, அதான் ஷீட் இத்துப்போச்சு” என்று பேச்சை மாற்றினார்கள். கந்தகமும் குளோரின் உள்ள மருந்துகளும் ஷீட்டின் ஆயுளைக் குறைக்கும் என்பது உண்மை, அதனாலேயே அந்தக் குடிலுக்குள் நாங்கள் கந்தகம் அடிப்பதே இல்லை, மருந்துப் பதிவேட்டில் எல்லாம் தேதி வாரியாக இருக்கிறது.

சரி என்று கிழிந்த ஷீட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி ஆய்வகத் தராசில் வைத்தோம். பாலித்தீனின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 0.92 கிராம், ஆக 200 மைக்ரான் என்றால் ஒரு சதுர மீட்டர் 184 கிராம் அளவில் நிற்க வேண்டும். எங்களுடையது 140-ஐக்கூடத் தொடவில்லை. அதாவது 150 மைக்ரான் ஷீட்டுக்கு 200 மைக்ரான் விலை! கையால் இழுத்தால் நீளாமல் பட்டென்று அறுந்தது, நல்ல ஷீட் அரை வருடத்துக்குள் அப்படி ஆகவே ஆகாது. சந்தேகம் வந்து பூச்சி வலையையும் லென்ஸ் வைத்து எண்ணினோம், 40 மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 40 கண்ணாவது இருக்க வேண்டும், அதிலும் குறைவு.

கடைசித் தவணையைப் பல்கலைக்கழகம் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆள்கூலியும் வண்டி வாடகையும் நாங்கள் கொடுத்தால் மாற்றித் தருவார்களாம், உத்தரவாதக் கடிதத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. இவர்களுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தவர்கள், ஓரத்தில் மிஞ்சிய ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி இன்றே நிறுத்துப் பாருங்கள், மேலே தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள், எடை சரியாக வரும்வரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.