செயின்சா வாங்கப் போறீங்களா? பாரில் குத்தியிருக்கும் எண்ணைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்

விறகு அறுக்கச் செயின்சா வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டாலும், வேறொரு கடைக்காரர் இதே வேலையைச் செய்தால் உங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மெஷின் வாங்கி மூன்றாம் நாள். தொடைப் பருமனுள்ள கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்துப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி இறங்கியிருக்கும். சடக்கென்று ஒரு சத்தம், கையில் ஓர் உதறல். எஞ்சின் மட்டும் அலறுகிறது, மரம் அறுபடவில்லை. அணைத்துவிட்டுப் பார்த்தால் செயின் பாரை (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை) விட்டுக் கழன்று, பின்கைப்பிடிக்குக் கீழே சுருண்டு கிடக்கிறது. என் வலது கைவிரல்களுக்கும் அந்தச் செயினுக்கும் நடுவே இருந்தது, கைப்பிடியின் அடியில் அகலமாக விரிந்திருக்கும் பிளாஸ்டிக் தகடு ஒன்றுதான். அதில் ஆழமாக மூன்று கீறல்கள். பார் தொடங்கும் இடத்தில் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் செயின் கேட்சர் (கழன்ற செயினைத் தடுத்துப் பிடிக்கும் துண்டு) பாதியாக உடைந்திருந்தது. அது எதற்காக இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

கடைக்குப் போன் போட்டேன். "புது செயின் அப்படித்தான் சார். ரெண்டு மூணு தடவை கழலும், அப்புறம் தானா செட் ஆயிடும்" என்றார் கடைக்காரர். நம்பினேன். திரும்ப மாட்டி இறுக்கினேன். மறுநாள் மறுபடி கழன்றது. அதோடு இன்னொரு தொல்லை: அறுப்பு நேராக இறங்கவே இல்லை. மேலே நேராக வைத்தால் கீழே போகப் போக ஒரு பக்கமாக வளைந்து, பார் கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும். பல் மழுங்கியிருக்கும் என்று நினைத்து அரம் வாங்கி ராவினேன். இடது பற்களை ராவினேன், வலது பற்களை ராவினேன், அளவு சரியில்லையோ என்று மறுபடி ராவினேன். புதுச் செயினின் பல் பாதி தேய்ந்ததுதான் மிச்சம்.

மரம் அறுப்பதையே தொழிலாகச் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கடைசியில் எடுத்துக்கொண்டு போனேன். எஞ்சினை அவர் தொடவே இல்லை. செயினின் ஒரு பல்லை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார். ஆடுகிற பல்லைப் போல அது சாய்ந்து சாய்ந்து வந்தது.

"இது உன் கைத்தப்பு இல்ல தம்பி. பார்ல என்ன நம்பர் குத்தியிருக்கு, படி."

"நம்பரா? எங்க ஐயா இருக்கும்?"

பாரின் அடிப்பக்கம், எஞ்சினை ஒட்டிய இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துக் காட்டினார். 0.325, 0.058, 76 என்று மூன்று எண்கள். செயின்சா வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்த மூன்றும்தான். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

முதல் எண் பிட்ச். செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளில் முதலாவதின் மையத்துக்கும் மூன்றாவதின் மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது. 0.325 அங்குலம் என்றால் சுமார் 8.25 மி.மீ. செயினும், உள்ளே அதை இழுக்கிற ஸ்ப்ராக்கெட்டும், பாரின் மூக்கில் இருக்கும் சின்னச் சக்கரமும் மூன்றும் ஒரே பிட்ச்சாக இருக்க வேண்டும். என் மெஷினில் இது மட்டும் சரியாக இருந்தது.

இரண்டாவது எண் கேஜ், அதாவது பாரின் விளிம்பில் ஓடும் பள்ளத்தின் அகலம். 0.058 என்றால் 1.5 மி.மீ. செயினின் அடியில் சுறாத் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணிகள் (டிரைவ் லிங்க் என்பார்கள்) அந்தப் பள்ளத்துக்குள்தான் ஓட வேண்டும். பெரியவர் வெர்னியர் வைத்து அளந்தார். என் செயினின் கண்ணி 1.3 மி.மீ. 1.5 பள்ளத்தில் 1.3 கண்ணி. வெறும் 0.2 மி.மீ.தானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அந்த இடைவெளிதான் செயினை ஒரு பக்கம் சாய்த்து, அறுப்பை வளைத்திருக்கிறது. பல் இருபுறமும் சமமாக இல்லாவிட்டாலும் அறுப்பு வளையும் என்பது உண்மை. அதனால்தான் குறை பல்லில் என்று நினைத்து அத்தனை நாள் அரத்தோடு மல்லுக்கட்டினேன்.

மூன்றாவது எண் கண்ணிகளின் எண்ணிக்கை. பாரில் 76 என்று இருக்கிறது. ஒரு கண்ணியில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு ஒவ்வொன்றாக எண்ணினோம். 78. இரண்டு தடவை எண்ணியும் 78. ஒரு கண்ணி கூடினால் செயினின் நீளம் 16.5 மி.மீ. கூடும். இரண்டு கூடியதால் 33 மி.மீ. அந்தத் தொளதொளப்பை மறைக்கத்தான் கடையிலேயே பாரை முன்னால் தள்ள முடிந்த மட்டும் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். செயின் இறுக்கும் திருகு முதல் நாளே கடைசி முனையில் நின்றது. புதுச் செயின் முதல் சில அறுப்பிலேயே கொஞ்சம் நீளும். அதற்கு மேல் இறுக்க இடமே இல்லாதபோது அது கழலாமல் என்ன செய்யும்?

வேறொரு மெஷினுக்கான செயினை என் பாரில் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கையிருப்பில் கிடந்ததைத் தள்ளிவிட்டார்கள். "செட் ஆயிடும்" என்ற அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சொன்னவருக்கு அது செட் ஆகாது என்று தெரியும்.

சரியான செயினை வேறு இடத்தில் வாங்கி மாட்டினேன். அறுப்பு நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. இத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, அறுத்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார் மெக்கானிக். பிஸ்டனில் புகை வெளியேறும் பக்கம் முழுக்க நெடுக்குக் கோடுகள். எண்ணெய் போதாமல் சூடேறிப் பிடித்த பிஸ்டன் இப்படித்தான் இருக்குமாம். "பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் கலந்தீங்கண்ணே?" என்று கேட்டார். கடையில் சொன்னபடி லிட்டருக்கு ஒரு மூடி என்றேன். வீட்டுக்கு வந்து அந்த மூடியில் தண்ணீர் நிரப்பி, மருந்து ஊற்றும் சிரிஞ்சில் உறிஞ்சி அளந்து பார்த்தேன். 8 மி.லி. மெஷினோடு வந்த சிறு புத்தகத்தில் இருப்பது 40:1. அதாவது லிட்டருக்கு 25 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில். மூன்றில் ஒரு பங்கு எண்ணெயில் அத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். புத்தகத்தை நான் முதலிலேயே படித்திருக்க வேண்டும், அது என் தப்பு. ஆனால் கடையில் நிற்கிற மனிதர் மூடியைக் கையில் தூக்கிக் காட்டி "இது போதும் சார்" என்று சொல்லும்போது யார் சந்தேகப்படுவார்?

போதாக்குறைக்குக் கார்புரேட்டரில் ஹெச் திருகையும் அளவுக்கு மீறி மூடி வைத்திருந்தார்கள். அதை மூடினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்து, சும்மா முடுக்கும்போது கீச்சென்று பயங்கரமாக இரையும். கடையில் என்னிடம் "சத்தத்தக் கேளுங்க, என்னா பவரு!" என்று காட்டியது அதைத்தான். பெட்ரோலோடு சேர்ந்துதான் எண்ணெயும் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். ஒழுங்காக டியூன் செய்த மெஷின் மரத்தில் வைக்காமல் முழுதாக முடுக்கினால் லேசாகத் தடுமாறுகிற மாதிரி ஒலிக்கும், மரத்தில் வைத்ததும் சத்தம் தெளியும். காதைப் பிளக்கும் கீச்சொலியை பவர் என்று யாராவது சொன்னால் அங்கே வாங்காதீர்கள்.

சிலிண்டரைக் கழற்றியபோது இன்னொன்றும் வெளிவந்தது. மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் 58 சிசி. அளந்தால் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 43 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 32 மி.மீ. கணக்குப் போட்டால் 46 சிசிக்கு மேல் சொற்பம்தான். அந்த எஞ்சினுக்குத்தான் 20 அங்குல பாரை மாட்டி, "பெரிய பார், பெரிய வேலை" என்று விற்றார்கள். விறகுக்கு எதற்கு 20 அங்குலம்? அடுப்புக்குப் போகிற கட்டையில் பெரும்பாலானது ஓர் அடிக்குள்தான் பருமன் இருக்கும். 14 அல்லது 16 அங்குல பாரும் 40 முதல் 50 சிசி எஞ்சினும் தாராளம். பார் நீள நீளச் செயினைச் சுற்றவே பவர் போகும், வைரம் பாய்ந்த கட்டையில் எஞ்சின் திணறும், கூர் பிடிக்க வேண்டிய பல்லும் அதிகம், நுனி எங்கே போய் இடிக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். செயின்சாவில் ஆட்களைக் காயப்படுத்துவதில் இந்த எகிறல் முக்கியமானது. வீட்டுக்குக் கொஞ்சமாக அறுப்பவர் என்றால் கரண்டில் ஓடும் 1800, 2000 வாட் மெஷினே போதும் என்பது என் எண்ணம். கலவை, கார்புரேட்டர் என்ற தலைவலி எதுவும் கிடையாது.

உடைந்த கேட்சர், பழைய செயின், அளந்த மூடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பிஸ்டனுக்கு வாரண்டி கிடையாது, ஓட்டத் தெரியாம ஓட்டியிருக்கீங்க" என்றார்கள். செயினைக் காட்டினேன். அது தாங்கள் கொடுத்த செயினே இல்லை என்றார்கள். பில்லில் "செயின்சா – 1" என்று மட்டும் இருந்தது. பார் அளவு இல்லை, செயின் விவரம் இல்லை, மெஷினின் சீரியல் எண் கூட இல்லை. என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

அதனால் நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால், கடையிலேயே, அவர்கள் முகம் சுளித்தாலும், பாரிலுள்ள மூன்று எண்ணையும் படித்து அப்படியே பில்லில் சீரியல் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். செயின் அட்டைப்பெட்டியில் வந்திருந்தால் அதிலும் இதே எண்கள் இருக்க வேண்டும். கண்ணிகளை எண்ணுங்கள், ஐந்து நிமிட வேலைதான். பல்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பாரின் மேல்பக்கம் ஓடும் பற்களின் கூர்முனை பார் நுனியை நோக்கி இருக்க வேண்டும். செயினைத் தலைகீழாக மாட்டிக் கொடுப்பதும் நடக்கிறது. செயின் இறுக்கும் திருகு இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று கேளுங்கள். புதுச் செயினில் அது கடைசிக்கு வந்திருக்கவே கூடாது.

பிறகு ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக் போட்டு, பின்கைப்பிடியில் கால் வைத்துக் கயிறு இழுக்கிறாரா என்று பாருங்கள். கையில் தொங்கவிட்டு இழுக்கிறவரிடம் மெஷினை மாட்டி டியூன் செய்யும் வேலையை ஒப்படைக்காதீர்கள். ஐடிலிங்கில், அதாவது முடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, செயின் அசையவே கூடாது. அசைந்தால் டியூனிங் சரியில்லை. முடுக்கியபடியே முன்கைப்பிடிக்கு முன்னாலுள்ள தடுப்பை (செயின் பிரேக் இதுதான்) மணிக்கட்டால் முன்னால் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். கடைசியாக, வெளிர் நிற அட்டை ஒன்றின் பக்கம் பார் நுனியைத் தொடாமல் காட்டி முடுக்கினால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாருக்கு ஆயில் போகவில்லை. பழைய எஞ்சின் ஆயிலைப் பாருக்கு ஊற்றலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அதில் இரும்புத் துகள்கள் இருக்கும், செயினில் ஒட்டியும் நிற்காது.

வீட்டில் செயின் இறுக்கும் பக்குவத்தையும் அந்தப் பெரியவரே கற்றுக்கொடுத்தார். பார் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பார் நுனியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே திருகை முடுக்க வேண்டும். அடிப்பக்கம் செயின் பாரை ஒட்டி நிற்கும் வரை. நுனியைத் தூக்கியபடியே நட்டை இறுக்க வேண்டும். பிறகு கையுறை போட்டுச் செயினை இழுத்தால் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கினால் ஆறியதும் செயின் சுருங்கி பாரையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் பிடித்து இழுக்கும். பொறுத்து, ஆறவிட்டு இறுக்குங்கள். புதுச் செயின் என்றால் முதல் நாலைந்து அறுப்புக்குப் பிறகு கட்டாயம் ஒரு தடவை பாருங்கள்.

பல்லின் கூர்மையைப் பற்றி ஒரு விஷயம். கீழே விழுவது செதில் செதிலாக இருந்தால் பல் நன்றாக இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் மழுங்கிவிட்டது. 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் ராவல். இடம் ஒன்று வலம் ஒன்றாக மாறி மாறி வரும் இந்தப் பல் அமைப்பு 1946 வாக்கில் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவருக்குத் தோன்றியது. மரத்தைக் குடைகிற வண்டுப்புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதைப் பார்த்து அதே மாதிரி செயின் செய்தாராம். அந்தப் புழு கடிக்கிற கடியில் இரண்டு பக்கமும் சமம். ராவும்போது எனக்கு அது ஞாபகத்துக்கு வரும்.

என் மெஷினுக்குப் புதுப் பிஸ்டன், சிலிண்டர், 16 அங்குல பார், அதற்குப் பொருந்திய செயின் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது ஒழுங்காக ஓடுகிறது. கீறல் விழுந்த அந்தத் தகட்டை மட்டும் மாற்றவில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, பாரைத் துடைத்து அந்த மூன்று எண்ணைப் படியுங்கள். செயினை எண்ணிப் பார்த்துவிட்டுப் பொருந்தவில்லை என்றால் கீழே எழுதுங்கள். எந்தச் செயின் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.