தோட்டத்துத் தடத்துக்குத் தாரா, கான்கிரீட்டா, பேவர் கல்லா?

மடத்துக்குளம் பக்கம் எங்கள் தோட்டத்து வீடு பஞ்சாயத்து ரோட்டிலிருந்து 200 அடி உள்ளே இருக்கிறது. தாத்தா காலத்தில் அது இட்டேரி. இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வருவோம். நான்கு வருடத்துக்கு முன் 10 அடி அகலத்துக்குத் தார் போட்டோம். பொள்ளாச்சியில் பெரியப்பா மகன் கான்கிரீட் போட்டிருக்கிறார். திருப்பூரில் தங்கை வீட்டு வாசலில் பேவர் கல். மூன்றிலும் வண்டி ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்: இவ்வளவு நீளமான தடத்துக்கு என் ஓட்டு தாருக்கே.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாங்கள் கேட்டபோது இந்த நீளத்துக்குத் தார்தான் குறைவாக வந்தது. பார்வைக்குப் பேவர் அழகு, உழைப்புக்குக் கான்கிரீட். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போட்டு முடித்த பிறகு வருடா வருடம் ஒவ்வொன்றும் நம்மிடம் என்ன வேலை கேட்கிறது, உடைந்தால் யார் சரி செய்வது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

கான்கிரீட் நன்றாக அமைந்தால் பல வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஆனால் அடி மண் அசைந்தால் மருந்தே இல்லை. பெரியப்பா மகன் போட்ட இடம் கரிசல். மழையில் ஊதி, வெயிலில் சுருங்கும் மண். வெடிப்பு கண்ட இடத்தில் ஓடாமலிருக்கப் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு கட்டிங், அதாவது குறுக்கே ஒரு வெட்டுக்கோடு, போடச் சொல்லியும் வேலைக்காரர்கள் விட்டுவிட்டார்கள். தானாகவே கோணல் மாணலாக வெடித்தது. வெடிப்பில் சிமெண்ட் பால் ஊற்றினால் அடுத்த கோடையில் பக்கத்திலேயே இன்னொரு கோடு விடுகிறது. நடுவில் குழாய்க்காக உடைத்துப் பூசிய இடம் வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி தனியாகத் தெரிகிறது.

பேவரின் பெரிய வசதி, கழற்றி மாட்டலாம். குழாய் உடைந்தால் நாலு வரிசை கல்லை எடுத்து, வேலையை முடித்து, அதே கல்லைத் திரும்ப அடுக்கிவிடலாம். ஊருக்குள் 30 அடி வாசலுக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை. தோட்டத்தில் கதை வேறு. கார் மட்டும் போவதென்றால் 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல் போதும். தேங்காய் லோடு லாரி வரும் தடத்துக்கு 80 மில்லி வேண்டும், இருபுறமும் ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதித்து இறுக்க வேண்டும். ஓரம் தளர்ந்தால் வரிசையே விலகிவிடும். இடுக்கிலிருந்து எறும்பு மணலை வெளியே தள்ளும், அருகும் கோரையும் முளைக்கும். தங்கை 30 அடிக்கே மாதம் ஒருமுறை உட்கார்ந்து புல் பிடுங்குகிறாள். 200 அடிக்கு யார் உட்காருவது?

தாருக்கு வருகிறேன். எங்களுக்கு இது இரண்டாவது தார். பத்து வருடத்துக்கு முன் ஒருவர் மண்ணைச் செதுக்கி, மேலே கொஞ்சம் ஜல்லி தூவி, ஒரு இஞ்சு தாரைப் பூசிவிட்டுப் போனார். ஒரே மழைக்காலத்தில் அப்பளம் போல நொறுங்கியது. தார் மோசம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மோசம் தாரில் இல்லை, அடியில் இருந்தது. தார் என்பது மேலே போர்த்தும் தோல். பாரத்தைத் தாங்குவது அதன் கீழே இருக்கும் ஜல்லி.

இந்த முறை வந்த மேஸ்திரி அளவு நாடாவை எடுக்கும் முன்பே கேட்டார், “ஏனுங்க, மழத்தண்ணி எந்தப் பக்கமுங்க போகுது?” அந்தக் கேள்விக்காகவே வேலையை அவரிடம் கொடுத்தேன். கருமண்ணை ஒன்றரை அடி வெட்டி எடுத்தோம். ஒரு அடி கிராவலை இரண்டு தட்டாகப் போட்டு, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினோம். அதன்மேல் அரை அடிக்கு, பல அளவு ஜல்லியும் க்ரஷர் டஸ்டும் ஈரமாகக் கலந்த வெட் மிக்ஸ். பிறகு எமல்ஷன் (தண்ணீரோடு கலந்த தார்க்குழம்பு) தெளித்து, இறுகிய பின் இரண்டு இஞ்சு நிற்கும்படி தாரும் ஜல்லியும் சேர்ந்த சூடான கலவை. 2,000 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 22 டன். குறுக்கே 10 அடிக்கு இரண்டரை இஞ்சு சரிவு கொடுத்ததால் தண்ணீர் ஒரே பக்கமாக வாய்க்காலுக்கு ஓடிவிடுகிறது.

ஒரு சங்கடம் உண்டு. கலவை பிளான்டில் சுமார் 150 டிகிரியில் கிளம்பும். ஆறுவதற்குள் பரப்பி உருட்டியாக வேண்டும். கலவை பரப்பும் மெஷின், ரோலர், ஆள் எல்லாம் ஒரே நாளில் கூடி வரவேண்டும் என்பதால் சின்ன வேலைக்குப் பலர் வரமாட்டார்கள். பக்கத்தில் பஞ்சாயத்து ரோடு வேலை நடக்கும்போது பேசி வைத்துத்தான் முடித்தோம். மாசியில் போட்டது நல்லதாகப் போயிற்று. மழை மாதத்தில் யார் சொன்னாலும் போடாதீர்கள்.

பராமரிப்புக்கு வருடத்தில் ஒரு நாள், புரட்டாசியில் ஒதுக்குகிறேன். முதலில் ஓரத்து மண்ணைச் சரி பார்ப்பேன். தார் உடைவது பெரும்பாலும் ஓரத்தில்தான். பக்கத்து மண் கரைந்து பள்ளமானால் லாரிச் சக்கரம் ஓரத்தைக் கடித்துவிடும். கிராவலை இழுத்துக் கெட்டித்துவிட்டால் அது நின்றுவிடும். அடுத்து வெடிப்பு. புல்லைப் பிடுங்கி, இரும்புப் பிரஷ்ஷால் தூசி எடுத்து, எமல்ஷன் ஊற்றி மேலே மணல் தூவ வேண்டும். ஊற்றும்போது பழுப்பாக இருப்பது கறுப்பாக மாறியபின் வண்டி விடலாம். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்காதவரை அடித்தளம் கெடாது.

குழி விழுந்தால் அப்படியே நிரப்பக் கூடாது. கெட்டியான இடம் வரை சதுரமாக, சுவர் நேராக நிற்கும்படி வெட்ட வேண்டும். தூசி எடுத்து, பக்கங்களிலும் எமல்ஷன் தடவி, சூடாக்காமலே போடக்கூடிய, மூட்டையில் வரும் தார்க் கலவையான கோல்டு மிக்ஸைக் கொட்டித் திமிசு போட்டு இடித்து, மட்டத்துக்கு மேல் சற்றுத் தூக்கலாக விட வேண்டும். வண்டி போகப் போகப் படிந்துவிடும். ஒன்றரை அடிச் சதுரக் குழி, இரண்டு இஞ்சு ஆழமென்றால் 25 கிலோ மூட்டை ஒன்று போதும். ஒரு முறை சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றாமல் டிராக்டரை உள்ளே விட்டுவிட்டார்கள், தார் வரிவரியாகக் கிழிந்தது. நானும் பண்ணையாளும் ஒரு மதியத்தில் சரி செய்தோம். கான்கிரீட்டில் இப்படி நாமே கைவைக்க முடியாது.

தாரின் குறைகளையும் மறைக்கவில்லை. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பைக்கின் சைடு ஸ்டாண்டு அமுங்கி இறங்கும், அடியில் பலகைத் துண்டு வைக்க வேண்டும். டீசல் சொட்டினால் தார் கரைந்து ஜல்லி உதிரும். கறுப்பாக மின்னட்டும் என்று பழைய என்ஜின் ஆயில் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தாரைக் கொல்லும் வேலை. இதனால்தான் தடம் முடிந்து வண்டிகள் நிற்கும் 20 அடிக்கு மட்டும் நாங்களும் பேவர் போட்டோம்.

நான்கு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன். பத்து வருடத்தில் மேலே இன்னொரு தட்டுத் தார் வேண்டியிருக்கலாம், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 40 அடிக்குக் குறைவான வாசலென்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், பேவரே போடுங்கள். தார்தான் என்று முடிவு செய்தால், கிராவல் கொட்டும் முன்பே தடத்துக்குக் குறுக்காக மூன்று இடத்தில் 4 இஞ்சு பி.வி.சி. குழாயை வெறுமனே புதைத்து, இரு முனையையும் மூடி, வேலிக் கல்லில் அடையாளம் போட்டு வையுங்கள். போன வருடம் சொட்டுநீர் லைனும் மோட்டார் கேபிளும் எங்கள் தடத்தைக் கடந்தது அதற்குள்தான். தாரில் ஒரு கீறல்கூட விழவில்லை.