வீட்டுக்கு முன் மூன்று குழிகள்: கிருஷ்ணகிரியில் ஒரு கட்டட ஆலோசனைச் சேவை

காவேரிப்பட்டினத்துக்கு அருகே, மாந்தோப்பாக இருந்து பின்னர் மனைப்பிரிவாக மாறிய இடத்தில் எங்களுக்குக் கிழக்குப் பார்த்த மனை ஒன்று இருக்கிறது. அகலம் 40 அடி, நீளம் 60 அடி; 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். வாங்கிய ஒன்பது ஆண்டுகளில் அதில் பார்த்தீனியம் வளர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை 9,000 ரூபாயாக உயர்ந்தபோது, கட்டிவிடலாம் என்ற பேச்சு மறுபடியும் எழுந்தது. கீழே 1,200 சதுர அடியில் நாங்கள் இருக்க, மேலே 1,000 சதுர அடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது என் கணவரின் திட்டம். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பெரிய படுக்கையறை வர வேண்டும் என்பது அத்தையின் திட்டம். கடன் வாங்கிக் கட்டத்தான் வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இருந்தது. ஆனால் அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மேஸ்திரியிடம் கேட்டால் கட்டலாம் என்பார், வங்கியில் கேட்டால் கடன் தருகிறோம் என்பார்கள்.

இந்நிலையில்தான் கிருஷ்ணகிரி நகரில் ஒரு கட்டடப் பொறியாளர் நடத்தும் சிறிய அலுவலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். வரைபடம் போடுவதற்கு முன், இந்த மனையில் கட்டலாமா, கட்டினால் எத்தகைய வீடு பொருந்தும் என்பதை மட்டும் ஆராய்ந்து அறிக்கை தருவதைத் தனிச் சேவையாக அவர்கள் செய்கிறார்கள். கட்டணம் 12,000 ரூபாய். சதுர அடிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் பிளான் போட்டுத் தருபவர்கள் இருக்கிற ஊரில், பிளானே இல்லாத ஒரு சேவைக்குப் பன்னிரண்டாயிரமா என்று உறவினர்கள் சிரித்தார்கள். குறைகளையும் எழுதப் போவதால் அலுவலகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதல் சந்திப்பு முழுவதும் ஆவணங்களிலேயே கழிந்தது. கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே போயிருந்தோம். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பதிவான மனைகளுக்கு வழிவிட்டன. எங்கள் மனை அந்த வகையில் ஏற்கெனவே வரன்முறைப்படுத்தப்பட்டிருந்ததால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் பொறியாளர் அத்துடன் நிற்கவில்லை. உட்பிரிவு செய்வதற்கு முன்பிருந்த பழைய சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வாங்கி வரச் சொன்னார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வீண் அலைச்சல் என்றே நினைத்தேன். அந்தப் படத்தில் தோப்பின் நடுவே ஒரு கிணறு குறிக்கப்பட்டிருந்தது.

அடுத்த வாரம் அவர் மனைக்கு வந்தார். நாடாவைப் பிடித்து எல்லைக் கற்களிலிருந்து அளந்து, சுண்ணாம்புத் தூளால் மூன்று இடங்களைக் குறித்தார். ஜேசிபி வாடகை எங்கள் செலவு. இதைக் கட்டணம் பேசும்போதே சொல்லிவிட்டார்கள். சாலையோரம் தோண்டிய முதல் குழியில் இரண்டரை அடி செம்மண்ணுக்குக் கீழே மொரம்பு என்னும் சரளை மண் வந்தது, அதற்கும் கீழே கடப்பாறைக்கு எளிதில் இடம் கொடுக்காத சிதைந்த பாறை வந்தது. மனையின் நடுவில் தோண்டிய இரண்டாவது குழியிலும் ஏறக்குறைய அதே நிலைதான். கூடவே மாமரத்தின் பழைய வேர்களும், அவற்றில் கரையானும் இருந்தன. தென்மேற்கு மூலையில் தோண்டிய மூன்றாவது குழியோ எட்டடி ஆழம் போன பிறகும் கெட்டி மண்ணைத் தொடவில்லை. உடைந்த செங்கல், சாக்குத் துண்டுகள், மட்கிய மரக்கட்டை, இடையிடையே வெற்றிடம் ஆகியவைதான் வந்தன. ஜேசிபி சத்தம் கேட்டு வந்து நின்ற பக்கத்துக் காட்டுப் பெரியவர், "அந்த மூலையில கெணறு இருந்துதும்மா, மாடு கட்டிக் கவலை எறச்ச கெணறு. பிளாட்டு போட்டப்ப தூத்துட்டாங்க" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் கொடுத்த 12,000 ரூபாயும் அந்த ஒரு குழியிலேயே திரும்பி வந்துவிட்டதாகக் கருதுகிறேன். தூர்த்த கிணற்றின் மேல் நிற்கும் கட்டடத்துக்கு என்ன நேரும் என்பதைப் பொறியாளர் எளிமையாக விளக்கினார். கொட்டிய மண் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெருமழைக்கும் இன்னும் கொஞ்சம் இறங்கும். வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால்கூடப் பெரிய பாதிப்பு இல்லை. மூன்று பக்கம் பாறையின் மேல் அசையாமல் நிற்க, ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் சுவர்கள் கோணலாக விரிசல் விடும். ஆழத்துக்குத் தூண்களை இறக்கும் பைல் அல்லது அடியில் அகலமாகப் பரப்பும் ராஃப்ட் அடித்தளம் அமைத்து அந்த மூலையிலும் கட்ட முடியும், ஆனால் சிறிய வீட்டுக்கு அந்தச் செலவு நியாயமாகாது என்றார். கிணற்றில் ஏறத்தாழ கால்பங்குதான் எங்கள் எல்லைக்குள் வருகிறது. எஞ்சியது பின்மனைகளுக்கு அடியில் இருக்கிறது. அந்த மனைக்காரர்களிடமும் சொல்லிவிட்டோம்.

ஆகவே பின்பக்கம் 22 அடியைக் கட்டடம் இல்லாமல் விட வேண்டும் என்று அறிக்கை சொல்கிறது. முன்னால் ஆறடி, பக்கங்களில் ஐந்தைந்து அடி விட்டால் மீதமிருப்பது 32க்கு 30. அதாவது 960 சதுர அடி, எங்கள் ஊர்க் கணக்கில் சுமார் ஒன்பதரைச் சதுரம். கீழே 1,200 என்ற கணக்கு அன்றே முடிந்துபோயிற்று.

மாடி போர்ஷன் கணக்கை அவர் முடித்து வைத்த விதம் வேறு. வீட்டுக்கு வந்து எங்கள் மூவரையும் உட்கார வைத்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மேல்தளம் 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்றால் 24 லட்சம், 8.5 சதவீத வட்டியில் ஆண்டுக்கு வட்டி மட்டும் 2,04,000 ரூபாய், மாதத்துக்கு 17,000. எங்கள் மனை இருக்கும் பகுதியில் அத்தகைய போர்ஷனுக்குக் கிடைக்கக்கூடிய வாடகை எட்டாயிரம். போச்சம்பள்ளி சிப்காட்டையோ பர்கூரையோ ஒட்டி, ஆலைத் தொழிலாளர்கள் வீடு தேடி அலையும் இடத்தில் மனை இருந்திருந்தால் நானே மாடி கட்டச் சொல்லியிருப்பேன், இங்கே அது உங்கள் சம்பளத்திலிருந்து குடியிருப்பவருக்கு மாதம் ஒன்பதாயிரம் கொடுப்பதற்குச் சமம் என்றார். என் கணவர் இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாளை எடுத்துத் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

கட்டாமலே இருந்துவிடலாமா என்ற என் கேள்விக்கும் அதே தாளில் இடம் இருந்தது. பதினைந்து லட்சத்தை அதே வட்டியில் இருபது ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 13,000. இப்போதைய வாடகையைவிட நாலாயிரம் அதிகம். வாடகை உயர்ந்துகொண்டே போகும், தவணை வட்டி விகிதம் மாறினாலொழிய மாறாது என்பதால், சேமிப்பைக் கொண்டு கடனை இந்த அளவுக்குள் நிறுத்த முடிந்தால் மட்டும் கட்டுங்கள், முடியாவிட்டால் இரண்டு ஆண்டு பொறுங்கள் என்பது அவருடைய முடிவு. வீடு கட்டும் தொழிலில் இருக்கும் ஒருவர் 'பொறுங்கள்' என்று எழுத்தில் தந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாஸ்து விஷயத்தில் அவர் நடந்துகொண்ட முறையும் எனக்குப் பிடித்தது. கன்னி மூலையில் கிணறு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அத்தை மனையையே விற்றுவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறியாளர் கேலி செய்யவும் இல்லை, பரிகாரம் சொல்லவும் இல்லை. வீட்டின் நான்கு சுவருக்குள் வரும் தென்மேற்கைக் கன்னி மூலையாகக் கொண்டு படுக்கையறையை அங்கே அமைத்துவிடலாம், அந்த மூலை நடுக்குழியில் கண்ட கெட்டி மண்ணின் மேல்தான் வருகிறது என்று காட்டினார். அத்தை பிறகு விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

பின்னாளில் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று தளத்தின் மேல் கம்பிகளை நீட்டி விடுவது நம் மாவட்டத்தில் எல்லா ஊரிலும் காணும் காட்சி. வெயிலிலும் மழையிலும் பத்தாண்டு நின்று துருவேறிய அந்தக் கம்பிகளோடு புதுக் கம்பியை இணைத்துக் கட்டுவதை நம்பக் கூடாது என்பது அறிக்கையின் கருத்து. மாடி வரும் என்றால் கடைக்காலையும் தூண்களையும் அதற்கேற்ற வலுவுடன் இப்போதே போட்டு, நீட்டிய கம்பிகளைச் சிமெண்ட் குறைவான கான்கிரீட்டால் மூடிவைக்க வேண்டும். வராது என்றால் அந்தச் செலவே வேண்டாம். நாங்கள் வராது என்று முடிவு செய்தோம். ஒற்றைத்தளம் என்றானதும், தூண்களும் பீம்களும் கொண்ட ஃபிரேம் அமைப்புக்குப் பதிலாகச் சுமை தாங்கும் சுவர்களே போதும் என்றாயிற்று. கடைக்காலுக்குக் கருங்கல், கல்லுக்குப் பேர்போன மாவட்டத்தில் அதை வெகுதூரத்திலிருந்து ஏற்றி வர வேண்டியதில்லை. சுவருக்குச் செங்கற்களைக் குத்துவாட்டில் வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமுறையையும் பரிந்துரைத்திருந்தார்கள். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் விசாரித்த மேஸ்திரிகள் மூவரில் ஒருவரும் அதைக் கட்டியதில்லை. யார் கட்டுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாத பரிந்துரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாதாரணக் கட்டுதான் கட்டப் போகிறோம்.

தண்ணீரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கப்பட்டது என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்தவைதான். ஆயினும் ஆழ்துளைக் கிணறு போட்டவுடன் நீரைச் சோதித்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருந்தால் அந்தக் குழாயைச் சமையலறைக்கு இழுக்காமல், ஒகேனக்கல் நீருக்குத் தனித்தொட்டி வைக்க வேண்டும் என்று வீட்டின் அமைப்போடு இணைத்துச் சொன்னது பயனுள்ளதாக இருந்தது.

இனிக் குறைகள். பத்து நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஐந்து வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. இடையில் நான்குமுறை தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செலவு மதிப்பீட்டில் அவர்கள் விட்ட பிழையைப் பொறுக்க முடியவில்லை. 960 சதுர அடியை 2,400ஆல் பெருக்கி 23,04,000 ரூபாய் என்று போட்டு, அத்துடன் முடித்துவிட்டார்கள். சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, தரைத்தொட்டி, மின் இணைப்பு, கரையான் தடுப்பு மருந்து ஆகிய எதுவும் அதில் இல்லை. நாங்களே விசாரித்துப் பட்டியல் போட்டபோது அவை மட்டும் ஆறரை லட்சத்தைத் தாண்டின. வட்டிக் கணக்கை அவ்வளவு நுணுக்கமாகப் போட்ட கை இதை எப்படி விட்டது என்று தெரியவில்லை. கேட்டபோது, "அது கட்டடச் செலவில் வராது" என்று பதில் வந்தது. எங்கள் பையிலிருந்து போகும் பணத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. மாதிரிக்குத் தந்த மூன்று படங்களில் ஒன்றில் கூடத்துக்கு மேற்கே பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தார்கள். சித்திரை மாதப் பிற்பகலில் இந்த ஊரில் இருந்தவர் வரைந்த படமாகத் தோன்றவில்லை. வேறொரு படத்தை எடுத்துக்கொண்டோம்.

கட்டட அனுமதிக்கான வரைபடத்தையும் அவர்களிடமே வாங்கினோம். அதற்குக் கட்டணம் தனி. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கட்டுவோருக்காக 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று முறையில் எங்கள் வீடு அடங்கியதால், இணையத்தில் ஆவணங்களை ஏற்றி அலைச்சலின்றி அனுமதி பெற்றுவிட்டோம்.

பாறையோ மொரம்போ கண்ணுக்குத் தெரியும் மேட்டு நிலத்தில், பணமும் திட்டமும் முடிவான நிலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவை தேவைப்படாது. தோப்பு, வயல், ஏரியோரம் ஆகியவற்றிலிருந்து பிரித்த மனையை வைத்திருப்பவர்கள் இங்கே போகலாம். போகும்போது மதிப்பீட்டில் என்னென்ன அடங்கும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். மேற்பார்வையையும் இவர்களிடமே கொடுப்பதா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. தையில் கடைக்கால் தோண்டுவதாக இருக்கிறோம்.